வினைல் சைடிங்குக்கு ஏர் நெயில் கன்: சென்னை வீடுகளில் வேலை செய்பவர்கள் கேட்கும் கேள்விகள்

வினைல் சைடிங் என்பது வெளிச்சுவரில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கொக்கி போட்டு மாட்டும் பிவிசி பட்டை. கனம் 1 மி.மீ. முதல் 1.2 மி.மீ. வரை இருக்கும். அமெரிக்க மரச்சட்ட வீடுகளுக்கென்று வந்த பொருள். இங்கே மொட்டை மாடி அறை, ஈசிஆர் பக்கத்துத் தோட்ட வீடு, சைட் ஆபீஸ் போன்றவற்றுக்குப் போடுகிறார்கள். வேலைக்கு வரும் கார்பெண்டரிடம் கம்ப்ரசரும், காற்றழுத்தத்தில் ஆணி அடிக்கும் ஏர் கன்னும் ஏற்கெனவே இருக்கும். அலமாரிக்கு ப்ளை அடித்த அதே கையோடு சைடிங்கையும் அடித்துவிட்டுப் போவார். தகராறு அங்கேதான் ஆரம்பம்.

சின்ன அளவுகளை நூல் கணக்கிலும் சொல்லியிருக்கிறோம். ஒரு அங்குலத்துக்கு 8 நூல். ஒரு நூல் சுமார் 3 மி.மீ.

சைடிங்கை நெயில் கன்னால் அடிக்கலாமா?

அடிக்கலாம், மூன்று விஷயம் கையில் இருந்தால். கன்னில் ஆணி இறங்கும் ஆழத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு வேண்டும். கம்ப்ரசரில், கன்னுக்குப் போகும் காற்றின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டர் ஒழுங்காக வேலை செய்ய வேண்டும். ஆணித் தலை குறைந்தது 8 மி.மீ. அகலம் வேண்டும். மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் சுத்தியலை எடுத்துவிடுவது நல்லது.

நெயில் கன் செய்யப்பட்டதே இரண்டு பொருளை இறுக்கிச் சேர்க்கத்தான். சைடிங்குக்கு அந்த இறுக்கம்தான் ஆகாது. கொடியில் துணி தொங்குவதுபோல் அது ஆணியில் தொங்க வேண்டும். இடவலமாக நகர வேண்டும். அதனால்தான் பட்டையின் மேல்விளிம்பில் வட்டத் துளை போடாமல் நீளத் துளை போட்டிருக்கிறார்கள்.

கொஞ்சம் இறுக்கமாக அடித்தால் என்ன ஆகிவிடும்?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வழக்கமான பட்டையின் நீளம் 12 அடி 6 அங்குலம், அதாவது 3.81 மீட்டர். பிவிசி ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரி செல்சியஸுக்கு ஏறக்குறைய 0.065 மி.மீ. நீளும். ஆக ஒரு பட்டை டிகிரிக்குக் கால் மி.மீ. நீள்கிறது.

சென்னையில் பதிவான உச்ச வெப்பம் 45 டிகிரி (2003 மே 31, நுங்கம்பாக்கம்). இதுவரை பதிவான குறைந்த வெப்பம் 13.9 டிகிரி. இது காற்றின் வெப்பம். வெயில் விழும் மேற்குச் சுவரில் பட்டையின் சூடு இதைவிட வெகுவாக ஏறும். மார்கழி விடியலில் 20 டிகிரியில் இருக்கும் பட்டை மே மாத மதியம் 60-ஐத் தொட்டால், 40 டிகிரி வித்தியாசத்துக்கு 10 மி.மீ., அதாவது மூன்று நூல் நீள்கிறது. ஆணி இறுக்கிப் பிடித்திருந்தால் அந்த மூன்று நூலுக்குப் போக்கிடம் இல்லை. பட்டை முன்பக்கமாக வயிறு தள்ளும். காலையில் சரியாகத் தெரியும் சுவர் மதியம் அலை அலையாகத் தெரிவது இதனால்தான்.

கார்பெண்டர்கள் வைத்திருக்கும் எஃப் 30, டி 50 கன் போதாதா?

போதாது. எஃப் 30 அடிப்பது பிராட் ஆணி. அதன் தலை ஏறக்குறைய 2 மி.மீ. தான், சைடிங் துளைக்குள்ளேயே புகுந்து போய்விடும். டி 50-ம் அதே கதை. கான்கிரீட்டுக்கு அடிக்கும் எஸ்டி 64-ஐ இந்த வேலைக்கு எடுக்கவே வேண்டாம். சோபா ரெக்சின் அடிக்கும் ஸ்டேப்ளர் பின்னும் மெல்லியது. சைடிங்குக்கு ஸ்டேப்பிள் அடிப்பதென்றால் 16 கேஜ் கம்பியும் 11 மி.மீ. முதுகு அகலமும் வேண்டும்.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் மரப் பேலட்டும் பேக்கிங் பெட்டியும் அடிக்கும் பட்டறைகளில் புழங்குவது சிஎன் 55, சிஎன் 70 காயில் கன், அதாவது சுருளாகக் கோத்த ஆணியை அடிக்கும் கன். ஆணி நீளம் சரியாக வரும், ஆனால் தலை 5–6 மி.மீ. மட்டுமே. காற்று இழுக்கும்போது துளை கிழிந்து பட்டை தலையைத் தாண்டி வெளியே வந்துவிடும். வாடகைக்குச் சுலபமாகக் கிடைக்கிறதே என்று பலர் இதைத்தான் எடுக்கிறார்கள்.

கேட்டு வாங்க வேண்டியது ரூஃபிங் காயில் நெயிலர். சிஆர்என் 45 என்ற மாடல் பெயரில் வருவது அந்த வகை. 22 முதல் 45 மி.மீ. நீளமுள்ள, 3 மி.மீ. தண்டும் 9–10 மி.மீ. தலையும் கொண்ட ஆணியை எடுக்கும். சில கம்பெனிகள் சைடிங்குக்கென்றே தனி மூக்கு தருகின்றன. அது துளையின் நடுவில் போய் உட்காரும், தலையைச் சற்றுத் தூக்கி நிறுத்தும். உங்கள் கன்னுக்கு அப்படியொன்று கிடைத்தால் யோசிக்காமல் வாங்கிவிடலாம். பாதித் தலைவலி தீர்ந்தது.

எந்த ஆணி? கடற்கரைப் பக்கம் துருப்பிடிக்காதா?

தலை 8 மி.மீ.-க்குக் குறையாமல், தண்டு 3 மி.மீ. அளவில், மரத்துக்குள் குறைந்தது 32 மி.மீ. (ஒன்றேகால் அங்குலம்) இறங்கும் நீளத்தில் இருக்க வேண்டும். பழைய கையேடுகளில் முக்கால் அங்குலம் போதும் என்று இருக்கும். அதை நம்ப வேண்டாம்.

துருப்பிடிக்கும். காயில் ஆணியில் மலிவானது எலக்ட்ரோ கால்வனைஸ்டு. பளபளவென்று இருக்கும், பூச்சு மெல்லியது. திருவான்மியூர், பெசன்ட் நகர், எண்ணூர், ஈசிஆர் முழுக்க உப்புக் காற்றில் அது சீக்கிரமே கரைந்து, வெள்ளைப் பட்டையில் செம்பழுப்பாக வழியும். ஹாட் டிப் கால்வனைஸ்டு ஆணி மங்கலாக, சற்றுச் சொரசொரப்பாக இருக்கும். கையில் எடுத்துப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். கடலிலிருந்து ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குள் வீடு என்றால் 304 அல்லது 316 தர ஸ்டெயின்லெஸ் ஆணியே நல்லது. ஆணிச் செலவு மொத்த வேலையில் சின்னப் பங்குதான், அதில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

தண்டில் வளையம் வளையமாக வரி போட்ட ரிங் ஷாங்க் ஆணி கிடைத்தால், வழவழ ஆணியைவிட அது மரத்தை நன்றாகப் பிடிக்கும்.

எங்கள் சுவர் செங்கல். ஆணியை எதில் அடிப்பது?

ரீப்பரில், அதாவது சுவரில் பொருத்தும் மரச்சட்டத்தில். செங்கல், ஏஏசி பிளாக் (எடை குறைந்த காற்றறைக் கான்கிரீட் கல்), கான்கிரீட் எதிலும் சைடிங் ஆணியை நேராக அடிக்க முடியாது. சுவரில் செங்குத்தாக ரீப்பர் அடித்து, மேலே 12 மி.மீ. பிடபிள்யூபி (கொதிநீரையும் தாங்கும்) ப்ளை போட்டு, அதன்மேல் நீராவி வெளியேறும் வகைத் தண்ணீர்த் தடுப்பு ஷீட்டைச் சுற்றிய பிறகுதான் சைடிங். இந்த ஷீட்டை விட்டுவிடக் கூடாது. சைடிங் மழையைத் தடுத்து நிறுத்தும் பொருள் இல்லை; கொஞ்சம் தண்ணீர் பின்னால் போகத்தான் செய்யும். பட்டையின் அடிவிளிம்பில் இருக்கும் சிறு துளைகள் அந்தத் தண்ணீர் வடியத்தான். பெயிண்டர் வந்து அடைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரீப்பர் கனத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கடையில் "ஒரு இன்ச் ரீப்பர்" என்று தருவது இழைத்தபின் 22 மி.மீ. இருக்கும். அதோடு 12 மி.மீ. ப்ளை சேர்த்தால் 34. அதில் 38 மி.மீ. ஆணி அடிக்கிறீர்கள். பட்டை விளிம்புக்கும் தலைக்கீழ் இடைவெளிக்கும் 2 மி.மீ. போனால் 36 மி.மீ. உள்ளே போக வேண்டும். மரம் 34-இல் முடிந்துவிட்டது. மீதி 2 மி.மீ. பூச்சில் முட்டி ஆணி வளையும் அல்லது கன் எகிறும். 32 மி.மீ. ஆணிக்கு மாறினால் 30-தான் இறங்கும், பிடிப்பு போதாது.

ஆகவே 2க்கு 1½ ரீப்பரை, ஒன்றரை அங்குலம் கனமாக வரும்படி வையுங்கள். 38-ம் 12-ம் 50. அதில் 45 மி.மீ. ஆணி 43 மி.மீ. இறங்கும், சுவரையும் தொடாது. ரீப்பரைச் சுவரில் பிடிக்க 75 மி.மீ. ஸ்க்ரூ பத்தாது. ரீப்பர் 38, பூச்சு 18 என்றால் 56 மி.மீ. அங்கேயே போயிற்று. 100 மி.மீ. ஸ்க்ரூவும் நைலான் பிளக்கும் போட்டால் செங்கல்லுக்குள் 44 மி.மீ. கிடைக்கும். ஏஏசி பிளாக்குக்கு அதற்கென்ற பிளக் தனியாகக் கேளுங்கள். கான்கிரீட் கன்னால் ரீப்பரைப் படபடவென்று அடித்துவிட்டுப் போவது செங்கல் சுவரில் அரைகுறை. ஏஏசி சுவரில் கையால் இழுத்தால் வந்துவிடும்.

ரீப்பர் இடைவெளி 400 மி.மீ. (16 அங்குலம்), மையத்திலிருந்து மையத்துக்கு. இரண்டு ரீப்பருக்கு நடுவே அடித்த ஆணிக்குப் பிடிமானம் வெறும் 12 மி.மீ. ப்ளைதான். அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ரீப்பருக்குக் கரையான் மருந்து அடிக்காமல் விட்டால் மற்ற எல்லாம் வீண்.

ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு) சட்டத்தில் கட்டிய அறை என்றால்?

ஆணியே வேண்டாம். தகடு ஆணியைப் பிடித்து வைக்காது. 8-ஆம் நம்பர், அடிப்பக்கம் தட்டையான அகலத் தலை, துருப்பிடிக்காத செல்ஃப் டாப்பிங் ஸ்க்ரூ போடுங்கள். துளையின் நடுவில், தலைக்கடியில் அதே இடைவெளியோடு. ட்ரில் மெஷினின் கிளட்சைக் கடைசி வரை இறுக்க விடாமல் குறைத்து வையுங்கள்.

எவ்வளவு பெரிய கம்ப்ரசர் வேண்டும்?

ஒரு கன்னுக்கு 1 எச்பி மோட்டாரும் 24 லிட்டர் டாங்கும் தாராளம். சைடிங் வேலையில் நிமிடத்துக்குப் பத்து ஆணிகூட அடிக்க மாட்டீர்கள். பட்டையைத் தூக்கிக் கொக்கி மாட்டி மட்டம் பார்ப்பதிலேயே நேரம் போகும். இரண்டு பேர் இரண்டு கன்னோடு நின்றால் 2 எச்பி, 50 லிட்டர்.

மொட்டை மாடி வேலைக்குக் கீழிருந்து நீள எக்ஸ்டென்ஷன் ஒயர் இழுக்காதீர்கள். மெல்லிய ஒயரில் வோல்டேஜ் விழுந்து மோட்டார் உறுமிக்கொண்டு நிற்கும். கம்ப்ரசரைப் பிளக் பாயின்ட் அருகே வைத்துவிட்டு, காற்று ஹோஸை மேலே கொண்டுபோங்கள்.

பிரஷர் எவ்வளவு வைப்பது? ஆழத்தை எப்படி செட் செய்வது?

இந்தக் கன்கள் 70 முதல் 120 பிஎஸ்ஐ வரை வேலை செய்யும். கேஜில் கிலோ கணக்கில் பார்த்தால் சுமார் 4.9 முதல் 8.4. உங்கள் கன்னில் எழுதியிருக்கும் உச்ச அளவைத் தாண்டவே கூடாது. பலர் டாங்கில் உள்ள கேஜைப் பார்த்து செட் செய்கிறார்கள்; பார்க்க வேண்டியது ரெகுலேட்டருக்குப் பிந்தைய கேஜ்.

சுவரில் அடித்துள்ள அதே ரீப்பரும் அதே ப்ளையும் சேர்ந்த ஒரு துண்டை எடுங்கள். அதன்மேல் சைடிங்கில் ஓரடித் துண்டு. 70 பிஎஸ்ஐ-இல் ஆரம்பித்து ஓர் ஆணி அடியுங்கள். தலை உயரமாக நின்றால் 5 பிஎஸ்ஐ கூட்டி அடுத்தது. தலை பட்டையிலிருந்து ஒன்றிரண்டு மி.மீ. உயரத்துக்கு வந்ததும் பிரஷரை அங்கேயே நிறுத்திவிட்டு, மீதியை ஆழத் திருகில் சரிசெய்யுங்கள். தலைக்கும் பட்டைக்கும் நடுவே வேண்டியது 0.8 மி.மீ., அதாவது கால் நூல். பழைய ஏடிஎம் கார்டு ஒன்று பையில் இருந்தால் போதும். அதன் கனம் முக்கால் மி.மீ. சொச்சம். கார்டு தலைக்கடியில் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். போகவில்லையென்றால் இறுக்கம். கார்டு ஆடிக்கொண்டு நுழைந்தால் தலை அதிகமாக நிற்கிறது. அதன்மேல் வரும் பட்டையில் மொட்டு தெரியும்.

பிறகு துண்டைக் கையால் இடவலமாக நகர்த்துங்கள். சத்தமில்லாமல் நகர வேண்டும்.

ஒரு தடவை செட் செய்தால் நாள் முழுக்க ஓடும் என்று இருந்துவிடாதீர்கள். மரத்துக்கு மரம் ஆழம் மாறும். பைன் ரீப்பரில் சரியாக உட்காரும் ஆணி, வேங்கையில் 3 மி.மீ. துருத்திக்கொண்டு நிற்கும், கணு வந்தால் பாதியிலேயே நின்றுவிடும். எல்லா ரீப்பரையும் ஒரே மரத்தில் எடுப்பதற்கு இது ஒன்றே போதுமான காரணம். சந்தேகமுள்ள இடத்தில் கன்னை உயரமாக நிற்கும்படி செட் செய்து, கடைசி மி.மீட்டரைச் சுத்தியலால் தட்டி முடிப்பது பாதுகாப்பு. நிமிர்ந்து நிற்கும் ஆணியைத் தட்டிவிடலாம். புதைந்ததைக் கிளப்புவது பெரும்பாடு.

ஒரு பட்டையை எந்த வரிசையில் அடிப்பது?

சுவரின் அடியில் ஸ்டார்ட்டர் பட்டையை ரசமட்டம் வைத்து, சாக்பீஸ் நூல் அடித்து மாட்டுங்கள். இது ஒரு நூல் சாய்ந்தாலும் மேலே போகப்போக முழுச் சுவரும் சாய்ந்து தெரியும். மூலைப் பட்டை, ஜன்னல் கதவைச் சுற்றி ஜே சேனல் (பட்டையின் நுனி உள்ளே நுழையும் ஜே வடிவ விளிம்பு) எல்லாம் முதலில் முடிந்திருக்க வேண்டும்.

பட்டையின் அடிக்கொக்கியைக் கீழ்ப்பட்டையில் மாட்டுங்கள். 'டக்' என்று முழு நீளமும் விழ வேண்டும். மேல்நோக்கி இழுத்துப் பிடித்துக்கொண்டு அடிக்காதீர்கள். இழுத்து அடித்தால் கொக்கி இறுகி, நகர வேண்டியது நகராது. அதற்காகத் தொங்கலாகவும் விடக் கூடாது. மாட்டிய இடத்தில் இயல்பாக எங்கே நிற்கிறதோ அங்கே அடியுங்கள்.

முதல் ஆணி பட்டையின் நடுவில். அங்கிருந்து இரு ஓரங்களை நோக்கிப் போங்கள். ஒவ்வொரு ஆணியும் துளையின் நடுவில், சுவருக்கு நேர் செங்கோணத்தில். கன் சாய்ந்தால் தலையின் ஒரு விளிம்பு பட்டையைக் கவ்வும். கார்டு ஒரு பக்கம் நுழையும், மறுபக்கம் நுழையாது. துளையின் ஓரத்தில் அடித்த ஆணி பட்டையை ஒரு திசையில் பூட்டிவிடும். ரீப்பர் துளையின் ஓரத்துக்கு நேராக வந்துவிட்டால், அதற்கென்று உள்ள பஞ்ச் கருவியால் துளையை நீட்டிவிட்டு அடியுங்கள். துளையே இல்லாத இடத்தில் பட்டையைக் குத்தி ஆணி அடிப்பது மன்னிக்க முடியாதது.

இரண்டு பட்டை சேரும் இடத்தில் ஒன்றின்மேல் ஒன்று ஓர் அங்குலம் ஏற வேண்டும். அந்த ஏற்றத்துக்குப் பக்கத்தில் நெருக்கி ஆணி போடாமல் கொஞ்சம் தள்ளி அடித்தால் இரண்டும் தனித்தனியே நகரும். மூலையிலும் ஜன்னலிலும் ஜே சேனலுக்குள் இரண்டு நூல் (6 மி.மீ.) இடைவெளி.

எந்த இடத்தில் கன்னை வைக்கவே கூடாது?

மூலைப் பட்டையின் உச்சி ஆணியைக் கையால் அடியுங்கள். மூலைப் பட்டை முதல் துளையின் மேல்நுனியில் தொங்க வேண்டும், மற்ற ஆணிகள் துளை நடுவில் 8–12 அங்குலத்துக்கு ஒன்று. அந்த ஒற்றை ஆணியைக் கன்னால் துல்லியமாக வைப்பது சிரமம். ஜன்னலின் நேர் கீழே, கூரை விளிம்பின் அடியில், ஒடுங்கிய இடங்களில் கன்னின் மூக்கு நேராக உட்காராது, அங்கேயும் சுத்தியல்தான். மின்சாரக் குழாயோ தண்ணீர்க் குழாயோ சுவருக்குள் ஓடும் வரிசையை முன்பே பென்சிலால் குறித்துவிடுங்கள்.

எத்தனை பட்டை, எத்தனை ஆணி வாங்குவது?

8 அங்குலம் வெளியே தெரியும் 12 அடி 6 அங்குலப் பட்டை ஒன்று 8.33 சதுர அடியை மூடும். 100 சதுர அடிக்கு 12 பட்டை. பட்டைக்கு 16 அங்குலத்துக்கு ஓர் ஆணி என்றால் 10 ஆணி. 100 சதுர அடிக்கு 120. அதோடு ஸ்டார்ட்டர், ஜே சேனல், மூலைக்கு ஒரு 80. ரூஃபிங் காயிலில் 120 ஆணி இருக்கும். ஆக 100 சதுர அடிக்கு இரண்டு காயில்.

மொட்டை மாடியில் 20 அடி நீளம், 10 அடி உயரமுள்ள ஒரு சுவர் என்றால் 24 பட்டை, சேதாரம் பத்து சதவீதம் சேர்த்து 27. ஆணி நான்கைந்து காயில். ஜன்னலைக் கழிக்காதீர்கள், அங்கே வெட்டும் துண்டு பெரும்பாலும் வேறெங்கும் பயன்படாது.

இவ்வளவு குறைவான ஆணிக்குக் கன் தேவையா?

நியாயமான கேள்வி. ஒரு மாடி அறைக்குத் தேவையில்லை. பழகிய கை 100 சதுர அடிக்கான 200 ஆணியைச் சுத்தியலால் அடிக்கச் சில மணி நேரம்தான் பிடிக்கும், இடைவெளியும் கைக்குத் தெரியும். சாரத்தின் மேல் ஒரு கையால் பட்டையைப் பிடித்துக்கொண்டு மறுகையால் அடிக்க வேண்டிய உயரமான சுவர், வரிசையாகப் பத்து அறை என்று இருந்தால்தான் கன் தன் வாடகையைச் சம்பாதிக்கும்.

ஆணி புதைந்துவிட்டது. என்ன செய்வது?

பட்டையை நெம்புகோலாக வைத்து ஆணியைக் கிளப்பாதீர்கள், விளிம்பு கிழியும். தட்டையான ஆணி பிடுங்கியைத் தலைக்கடியில் நுழைத்து, அதன் கீழ் ஒரு தகடு வைத்து, நேராகத் தூக்குங்கள். ஒன்றரை மி.மீ. எழுந்தால் போதும், முழுக்கப் பிடுங்க வேண்டாம். வளைந்த ஆணியை முழுக்க எடுத்துவிட்டு அடுத்த துளையில் ரீப்பர் இருக்கிறதா என்று பார்த்து அடியுங்கள். ஒரு துளை கிழிந்தால் பரவாயில்லை. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கிழிந்தால் பட்டையை மாற்றுங்கள்.

அடித்து ஒரு மாதத்தில் சுவர் அலையடிக்கிறது. ஆணி மட்டும்தான் காரணமா?

பெரும்பாலும் ஆணிதான். மதியம் அலையடித்து இரவில் நேராகிவிட்டால் இறுக்கமான ஆணி அல்லது ஓரத்தில் இடைவெளி இல்லாமை. இரவு பகல் எப்போதும் ஒரே இடத்தில் மேடாக இருந்தால் பின்னாலுள்ள ரீப்பர் மட்டமில்லை. செங்கல் சுவரில் பூச்சு ஏறி இறங்கியிருக்கும்; ரீப்பருக்கு அடியில் ப்ளைத் துண்டு கொடுத்து நூல் பிடித்திருக்க வேண்டும்.

மூன்றாவது வகை உருகல். பட்டை சுருங்கிக் கோணலாகி, வெயில் போனாலும் நேராகாது. வினைல் 70–75 டிகிரியில் இளக ஆரம்பிக்கும். எதிர்வீட்டு ஜன்னலிலோ பக்கத்துக் கட்டடத்திலோ உள்ள கண்ணாடி வெயிலைத் திருப்பி ஒரே இடத்தில் குவித்தால் அந்தச் சூடு வந்துவிடும். ஓஎம்ஆர் பக்கம் கண்ணாடி முகப்புக் கட்டடத்துக்கு எதிரே வீடு என்றால், பட்டை வாங்குமுன் ஒருநாள் முழுக்கச் சுவரில் ஒளித்திட்டு எங்கெல்லாம் விழுகிறது என்று பாருங்கள். விழுகிற சுவருக்கு வேறு பொருள் போடுங்கள். ஜெனரேட்டர் புகைக்குழாய்க்கு நேரே போடுவதும் தப்பு.

ஓரத்தில் இடைவெளி அசிங்கமாக இருக்கிறது, சிலிக்கான் அடித்து மூடலாமா?

கூடாது. வீட்டுக்காரருக்குக் கண்ணில் உறுத்தும், பெயிண்டர் கையில் சிலிக்கான் கன் இருக்கும், அரை மணியில் காரியம் முடிந்துவிடும். அடுத்த சித்திரையில் பட்டை வயிறு தள்ளும். பழி ஆணி அடித்தவர் மேல் விழும். இடைவெளி ஜே சேனலுக்குள் மறைந்திருக்க வேண்டியது. வெளியே தெரிகிறதென்றால் பட்டையைக் குட்டையாக வெட்டிவிட்டார்கள், அதைத்தான் மாற்ற வேண்டும். ஏசி பைப், குழாய் வெளியே வரும் துளையும் குழாயைவிட 6 மி.மீ. பெரிதாக இருக்கட்டும்.

எந்த நேரத்தில் அடிப்பது நல்லது?

காலை ஏழிலிருந்து பதினொன்று. வெயிலில் காய்ந்த பட்டை கைக்கு இளகி வளையும், நீளமும் மாறியிருக்கும். மார்கழி, தை விடியலில் அடித்தால் இரண்டு நூலுக்குப் பதில் மூன்று நூல் இடைவெளி விடுங்கள், இனி அது நீளத்தான் போகிறது. பட்டைக் கட்டுகளை நிழலில், தரையில் சமமாகப் படுக்க வையுங்கள். தார்ப்பாய் மூடி வெயிலில் போட்டால் உள்ளேயே கோணிக்கொள்ளும்.

புயலுக்குத் தாங்குமா?

இந்தியத் தரநிலை ஐஎஸ் 875 மூன்றாம் பகுதிப்படி சென்னைக்கு அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கி.மீ. 2016 டிசம்பர் 12-இல் வர்தா கரை கடந்ததைப் பார்த்தவர்களுக்கு மொட்டை மாடித் தகரம் என்ன ஆகும் என்று தெரியும். மாடி அறைக்கும் கடலைப் பார்த்த சுவருக்கும் ரீப்பரை 300 மி.மீ. இடைவெளியில் வைத்து, ஒவ்வொரு ரீப்பரிலும் ஆணி அடியுங்கள். அப்போது பட்டைக்கு 13 ஆணி வரும். வாங்கும்போது அந்தப் பட்டையின் காற்றழுத்தத் தாங்குதிறன் எழுதிய தாளைக் கேளுங்கள். வினைல் சைடிங்குக்கான அமெரிக்கத் தரநிலை ஏஎஸ்டிஎம் டி 3679 தரத்துக்குச் செய்த பட்டைக்கு அது இருக்கும். காற்றைச் சமாளிக்க இன்னும் இறுக்கமாக அடிக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் உண்டு. எண்ணிக்கையைக் கூட்டுங்கள், இறுக்கத்தை அல்ல. தாங்குவது ஆணியின் தலை அகலமும் மரத்துக்குள் இறங்கிய ஆழமும்.

கன்னில் தண்ணீர் கக்குகிறது, ஆழமும் மாறிக்கொண்டே இருக்கிறது. ஏன்?

நம்மூர்க் காற்றின் ஈரம். அழுத்தும்போது அது டாங்கின் அடியில் தண்ணீராகத் தேங்கும். தினமும் வேலை முடிந்ததும் அடித் திருகைத் திறந்து வடித்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மதியமும் ஒருமுறை. ஹோஸுக்கு முன்னால் தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் போடுங்கள். எண்ணெய் தேவைப்படும் வகைக் கன் என்றால், காலையில் காற்று நுழையும் வாயில் ஐந்தாறு சொட்டு நியூமேட்டிக் எண்ணெய். தையல் மெஷின் எண்ணெய், தேங்காய் எண்ணெய் வேண்டாம். உள்ளேயிருக்கும் ஓ ரிங் (ரப்பர் வளையம்) கெட்டுவிடும். தண்ணீரெல்லாம் வடித்தபின்னும் ஆழம் ஆணிக்கு ஆணி மாறினால் ஓ ரிங்கையோ, ஆணியை அடித்துத் தள்ளும் டிரைவர் பிளேடின் தேய்மானத்தையோ பார்க்க வேண்டும்.

பாதுகாப்புக்கு எதைக் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும்?

முதலில் ட்ரிக்கர். ட்ரிக்கரை அழுத்திப் பிடித்தபடியே மூக்கு எங்கே பட்டாலும் ஆணி பாயும் வகை ஒன்று; மூக்கைப் பதித்து, பிறகு ட்ரிக்கரை அழுத்தி, ஒவ்வொரு ஆணிக்கும் விடுவித்து அழுத்த வேண்டிய சீக்வென்ஷியல் வகை இன்னொன்று. முதல் வகையில் காயம்படும் வாய்ப்பு இரண்டு மடங்கு என்று அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ் சொல்கிறது. சைடிங்குக்கு வேகமே தேவையில்லாததால் சீக்வென்ஷியல் வகையைத் தவிர வேறெதுவும் வேண்டாம். சவுக்குச் சாரத்தில் ட்ரிக்கரில் விரலோடு ஏறி இறங்கும்போது மூக்கு தொடையில் பட்டால் போதும்.

மூக்குப் பாதுகாப்பைக் கம்பி போட்டுக் கட்டிய கன்னை வாடகைக்குக் கொடுத்தால் திருப்பி அனுப்புங்கள். ஆணி சிக்கினால் ஹோஸைக் கழற்றிய பிறகே கை வைக்க வேண்டும். பட்டையைப் பிடிக்கும் கை, கன்னின் மூக்கிலிருந்து ஓரடியாவது தள்ளி இருக்கட்டும். ஐஎஸ் 5983 முத்திரையுள்ள கண்ணாடி, காதுக்கு அடைப்பான், காலுக்கு ஷூ. ரப்பர் செருப்பு கணக்கில் வராது. கம்ப்ரசர் பழுது என்று வெல்டிங் கடை ஆக்சிஜன் சிலிண்டரில் கன்னை இணைக்க யோசனை சொல்பவர் எங்கேயும் இருப்பார். எண்ணெயும் ஆக்சிஜனும் சேர்ந்தால் கன் கையிலேயே வெடிக்கும்.

விரலிலோ காலிலோ ஆணி ஏறிவிட்டால் அங்கேயே பிடுங்காதீர்கள். ஆணியை அசையாமல் துணி சுற்றி, 108-ஐ அழைத்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எலும்பு, நரம்பில் பட்டிருக்கிறதா என்று எக்ஸ்ரே பார்த்துத்தான் எடுப்பார்கள். டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை வருஷம் ஆயிற்று என்று அங்கே கேட்பார்கள்.

நடுவில் ஒரு பட்டை மட்டும் உடைந்தால் எல்லாவற்றையும் கழற்ற வேண்டுமா?

வேண்டாம். சைடிங் கொக்கி பிரிக்கும் சிறு வளைதகடு ஒன்று உண்டு. அதை மேல்பட்டையின் அடிவிளிம்பில் நுழைத்து, கீழே இழுத்துக்கொண்டே பக்கவாட்டில் நகர்த்தினால் கொக்கி பிரிந்துவிடும். மேல்பட்டையைத் தூக்கிப் பிடித்து, உடைந்ததன் ஆணிகளைப் பிடுங்கி, புதியதை மாட்டி அடித்து, மேல்பட்டையை மறுபடி கொக்கியில் அழுத்தி விடலாம். தூக்கிப் பிடித்த இடுக்கில் கன் நுழையாது, சுத்தியல்தான். பட்டை உடைவது பிறகொரு நாள் நடப்பது. நிறம் அதற்குள் வெளுத்திருக்கும். வேலை முடிந்ததும் மிஞ்சிய இரண்டு பட்டையை மாடியில் வெயிலும் நிழலும் படும் இடத்தில் போட்டு வைத்தால், மாற்றும்போது சுவரோடு ஓரளவு ஒத்துப்போகும்.